இரண்டு மார்க் எய்ட்ஸ்: வாசகர் கேள்வி - பதில்

போன இதழில் ஓரமாக ஒரு வரி போட்டிருந்தேன்: ‘உங்கள் பள்ளியில் எய்ட்ஸ் பற்றிச் சொல்லித்தருகிறார்களா, எப்படி?’ வந்த கடிதங்களைப் பார்த்தால், வழக்கமான முடி கொட்டுகிற, தூக்கம் வராத கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ள வேண்டியதாகிவிட்டது. பாதிப் பேர் பெயர் எழுதவில்லை. எழுதியவர்களின் பெயரையும் நான் எடுத்துவிட்டேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு விஷயம்: நான் டாக்டர் இல்லை. சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில், அதாவது எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் முன்னும் பின்னும் உட்கார்ந்து பேசுகிற இடத்தில், 11 வருடம் ஆலோசகராக இருந்தவள்.

என் மகன் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கு யாரோ வந்து எய்ட்ஸ் பற்றிப் பேசினார்களாம். ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே ‘ஆணுறைன்னா என்னம்மா?’ என்று கேட்கிறான். பக்கத்தில் மாமியார் வேறு. இந்த வயதில் இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தால் நாமே தூண்டிவிடுகிற மாதிரி ஆகாதா?
*ஓர் அம்மா, பெரம்பூர்*

உங்களிடம் வந்து கேட்டானே, அதுவே பெரிய விஷயம். நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதவில்லை. ‘சாப்பிடும்போது என்ன பேச்சு’ என்று சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இந்த வேலையில் இருந்துகொண்டே நானும் என் பையனிடம் ஒருமுறை அப்படித்தான் சொன்னேன், அதற்கப்புறம் ரொம்ப நாள் அவன் என்னிடம் எதையும் கேட்கவில்லை.

தூண்டிவிடாதா என்பது பழைய பயம். 2005-ல் மத்திய அரசு 9, 11-ம் வகுப்புகளை மனதில் வைத்து வளரிளம் பருவக் கல்வி என்று ஒன்றைக் கொண்டுவந்தது. இரண்டே வருடத்தில் மகாராஷ்டிரா, குஜராத், கர்நாடகா, மத்தியப் பிரதேசம் என்று வரிசையாக அதை நிறுத்தினார்கள், காரணம் நீங்கள் கேட்ட இதே கேள்விதான். ஆனால் பயம் இருந்ததே தவிர ஆதாரம் இல்லை. யுனெஸ்கோ 2009-லும் மறுபடி 2018-லும் பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து வழிகாட்டி வெளியிட்டது. ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்த இடங்களில் பிள்ளைகள் சீக்கிரமாக ஆரம்பிக்கவில்லை, சில இடங்களில் தள்ளிப்போட்டிருக்கிறார்கள், ஆரம்பித்தவர்கள் ஆணுறை பயன்படுத்துவது கூடியிருக்கிறது. ‘கல்யாணம் வரை கூடாது’ என்று மட்டும் சொல்லி நிறுத்திய பாடங்களால் பெரிதாக எதுவும் மாறவில்லை.

எனக்கு மறக்காத ஒன்று கென்யாவில் நடந்தது. அங்கேயும் அரசுப் பாடத்திட்டம் ‘விலகியிரு’ என்றுதான் சொன்னது. சில பள்ளிகளில் மட்டும் எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகளிடம் ஒரே ஒரு வகுப்பு, ஒரு மணி நேரம்கூட இல்லை, எந்த வயது ஆண்களில் எத்தனை பேருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று கணக்கைச் சொன்னார்கள். கூடப் படிக்கிற பையனைவிட, பரிசு வாங்கித்தருகிற வயதான ஆளிடம்தான் ஆபத்து பல மடங்கு என்பது அந்தப் பிள்ளைகளுக்கு அதுவரை தெரியாது. அடுத்த ஒரு வருடத்தில் அந்தப் பள்ளிகளில் மாணவிகள் கர்ப்பமாவது 28 சதவீதம் குறைந்தது. ‘விலகியிரு’ பாடத்தை நன்றாக நடத்த ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த பள்ளிகளில் அப்படிக் குறையவில்லை.

சரி, பையனுக்கு என்ன சொல்வது? இரண்டு வரி போதும். ‘உடலுறவு கொள்ளும்போது ஆண் போட்டுக்கொள்கிற மெல்லிய ரப்பர் உறை, குழந்தை உண்டாகாமலும் சில நோய்கள் தொற்றாமலும் தடுக்கும். உனக்கு இப்போது தேவையில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும்.’ அவ்வளவுதான். சாம்பார் ஊற்றிக்கொண்டே சொல்லலாம். மாமியாரைப் பற்றிக் கவலை வேண்டாம், அவர் காலத்தில் ஊர் முழுக்கக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் வரைந்த சுவர்கள்தான்.

பத்தாம் வகுப்பு அறிவியலில் எய்ட்ஸ் வருகிறது. பாடத்தை எடுத்தாலே பின்வரிசையில் சிரிப்பு. உண்மையைச் சொல்கிறேன், ‘விரிவாக்கத்தையும் எலிசா, வெஸ்டர்ன் பிளாட் என்ற ரத்தச் சோதனைகள் இரண்டையும் படித்துக்கொள்ளுங்கள், இரண்டு மார்க்கில் வரும்’ என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறேன். எப்படித்தான் நடத்துவது?
*அறிவியல் ஆசிரியை, ராயபுரம்*

டீச்சர், ஒளிக்காமல் எழுதியதற்கு நன்றி. நிறைய பேர் செய்வதுதான். அந்த இரண்டு மார்க் எனக்கு நன்றாகத் தெரியும். ‘பெறப்பட்ட நோய் எதிர்ப்புக் குறைவு’ என்று ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பிக்கிற பையன் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, ‘அவளைப் பார்த்தா நல்லாத்தான் இருந்தா மேடம்’ என்று சொல்லியிருக்கிறான். எச்.ஐ.வி. இருப்பது பல வருடம் முகத்தில் தெரியாது என்பது அவன் படித்த பாடத்திலும் எங்கோ இருந்திருக்கும். அதுவும் அவனுக்குப் பரீட்சை விஷயம்தான்.

நான் பள்ளிகளுக்குப் போனபோது கையில் கொண்டுபோனது ஒரு காலி ஸ்வீட் பெட்டி. மூடியில் பிளேடால் ஒரு கீறல். எல்லோருக்கும் ஒரே அளவில் துண்டுக் காகிதம், கேள்வி இல்லாதவர்களும் ‘கேள்வி இல்லை’ என்று எழுதித்தான் போட வேண்டும், அப்போதுதான் யார் எழுதினார்கள் என்று பக்கத்து பெஞ்சுக்குத் தெரியாது. முதல் நாள் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன், அடுத்த நாள்தான் பதில். சிரிப்பைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். முதல் ஐந்து நிமிடம் சிரிக்கட்டும், கூச்சம் அப்படித்தான் வெளியே போகும். நம் முகம் சிவக்காமல் இருந்தால் அதுவே அடங்கிவிடும்.

என்ன எழுதுவார்கள் என்கிறீர்களா? முடிவெட்டும் கடையில் பிளேடு மாற்றவில்லையென்றால் வருமா? ஆபாசப் படம் பார்த்தால் வருமா? கையால் செய்துகொண்டால் வருமா? (வராது. இந்தக் கேள்வி வராத வகுப்பே கிடையாது, இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொன்னதும் அறை முழுக்கப் பெருமூச்சு கேட்கும்.) கொசு கடித்தால், முத்தம் கொடுத்தால், ஒரே டம்ளரில் குடித்தால் என்று ஒரு கட்டு. பீச்சில் பச்சை குத்தினால் வருமா என்று ஒருவன் கேட்டிருந்தான், நல்ல கேள்வி, ஊசியை மாற்றாமல் வரிசையாகக் குத்துகிற இடத்தில் எச்.ஐ.வி.யைவிட மஞ்சள் காமாலை பி, சி வைரஸ்கள் இன்னும் சுலபமாகத் தொற்றும்.

அப்புறம் ஒரு சீட்டு. வரி போட்ட நோட்டுத் தாள், நான்காக மடித்து, மடிப்பில் பென்சில் கறை. ‘எங்க அப்பா தினமும் ராத்திரி அந்த மாத்திரை சாப்பிடுறாரு. அவர் தட்டுல நான் சாப்பிடலாமா?’ என்று இருந்தது. அந்தச் சீட்டை வகுப்பில் அப்படியே படிக்கவில்லை. தட்டு, துணி, கழிப்பறை, கட்டிப்பிடிப்பது எதிலும் வராது என்று பொதுவாகச் சொன்னேன். தினமும் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டவரிடமிருந்து உடலுறவில்கூடத் தொற்றாது என்றேன், அந்த மாத்திரை அரசு மையங்களில் இலவசம் என்றேன், அப்படிச் சாப்பிடுகிறவர் நம்மைப் போலவே வேலைக்குப் போய்ப் பிள்ளைகளைப் படிக்கவைத்துக் கிழவராகலாம் என்றும் சொன்னேன். யார் முகத்தையும் பார்க்காமல் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

பெட்டி வைத்தால் ஒரு பொறுப்பும் கூடவே வரும் டீச்சர். யாரோ தன்னைத் தொடுகிறார்கள் என்று ஒரு சீட்டு வந்தால் அதை மடித்துப் பையில் வைத்துக்கொள்ள முடியாது. போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

இதெல்லாம் தகவல்தான். தகவல் மட்டும் தெரிந்து யாரும் மாறியதை நான் அதிகம் பார்த்ததில்லை. சிகரெட் பெட்டியில் படமே போட்டிருக்கிறார்கள், நிறுத்திவிட்டார்களா? ஆகவே மிச்சமுள்ள நேரத்தில் நடிக்கவையுங்கள். ‘ஆம்பளையாடா நீ’ என்று நண்பன் கேட்கிறான், என்ன பதில் சொல்வாய்? ‘என் மேல நம்பிக்கை இல்லையா’ என்று அவன் கேட்கிறான், அவள் என்ன சொல்வாள்? பிள்ளைகளுக்கு எய்ட்ஸுக்கு விரிவாக்கம் தெரியும், இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரியாது. ஒரு பள்ளியில் ஒல்லியாக ஒரு பையன், ‘ஆம்பளதான், அதான் பயமில்லாம வேணாம்ங்கறேன்’ என்றான். பின்வரிசை விசில் அடித்தது. அந்த வாக்கியம் அன்றைக்கு அந்த வகுப்பில் எத்தனை பேரோடு வீட்டுக்குப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஓ.எம்.ஆர். பக்கம் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன், வயது 19. இருபது நாளைக்கு முன் ஒரு பார்ட்டி, குடித்திருந்தேன், ஒரு பெண்ணோடு பாதுகாப்பில்லாமல் இருந்துவிட்டேன். பத்தாவது நாள் தனியார் லேபில் எடுத்த டெஸ்ட் நெகட்டிவ். தப்பித்துவிட்டேனா? ரத்ததான முகாம் வருகிறது, அதில் கொடுத்தால் அவர்களே பரிசோதிப்பார்கள் என்கிறான் நண்பன்.
*பெயர் வேண்டாம்*

தம்பி, முதலில் அந்த நண்பனின் யோசனையைத் தூக்கிப் போடு. தானமாக வருகிற ரத்தத்தைச் சோதிக்கிறார்கள் என்பது உண்மைதான், ஆனால் தொற்றின தொடக்க நாட்களில் சோதனையில் பிடிபடாமல் போக வாய்ப்பு உண்டு. உன் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள யாரோ ஒரு கர்ப்பிணியின் உடம்பைப் பணயம் வைக்கிறாய் என்று அர்த்தம். போகாதே.

பத்தாவது நாள் டெஸ்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது. சாதாரணமாக எடுக்கிற சோதனை வைரஸைத் தேடுவதில்லை, உடம்பு அதற்கு எதிராக உண்டாக்குகிற பொருளைத் தேடுகிறது, அது உருவாகச் சில வாரம் பிடிக்கும். இன்னும் இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு முறை, மூன்று மாதம் முடிந்ததும் ஒரு முறை எடு. மூன்றாம் மாதமும் நெகட்டிவ் என்றால், நடுவில் வேறு எதுவும் நடக்கவில்லை என்றால், முடிந்தது. அதுவரை யாரோடு இருந்தாலும் ஆணுறை. அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் பணம் கிடையாது, ரகசியமாகத்தான் வைப்பார்கள். கிரந்தி நோய்க்கும் (சிபிலிஸ்) சேர்த்துப் பார்க்கச் சொல். எங்கே போவது என்று குழப்பம் இருந்தால் 1097, கட்டணமில்லாத எண்.

உன் கடிதம் இருபது நாள் தள்ளி வந்ததால் உனக்கு உபயோகப்படாத ஒரு விஷயம், மற்றவர்களுக்காக எழுதுகிறேன். இப்படி ஆன 72 மணி நேரத்துக்குள், அதிலும் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், டாக்டரைப் பார்த்தால், தொற்றைத் தடுக்க 28 நாள் சாப்பிடுகிற மாத்திரை உண்டு. சனிக்கிழமை ராத்திரி நடந்ததைத் திங்கள் காலையில் போய்ச் சொல்ல ஒருவனுக்குத் தைரியம் இருந்தால் போதும். எந்தப் பள்ளியிலும் இதைச் சொல்லித்தந்து நான் பார்த்ததில்லை.

குடியைப் பற்றி நீ கேட்கவில்லை. ஆனால் என்னிடம் வந்த உன் வயதுப் பையன்களில் ‘குடிச்சிருந்தேன் மேடம்’ என்று ஆரம்பிக்காதவர்கள் குறைவு. அந்தப் பெண்ணும் குடித்திருந்தாளா, அவளுக்குச் சம்மதம் இருந்ததா என்று நீ ஒரு வரிகூட எழுதவில்லை. அதையும் யோசி.

என் தம்பிக்கு 17 வயது. கூட்டாளிகளோடு சேர்ந்து வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொள்கிறான். கையில் தடம் பார்த்தேன். அப்பாவுக்குத் தெரிந்தால் அடித்தே கொன்றுவிடுவார்.
*பெயர், ஏரியா வேண்டாம், சென்னை*

அப்பாவிடம் இன்றைக்குச் சொல்ல வேண்டாம், ஆனால் நீங்கள் தனியாகச் சுமக்கவும் வேண்டாம். அடித்தால் வீட்டைவிட்டுப் போவான், போனால் அந்தக் கூட்டாளிகளிடம்தான் போவான்.

எய்ட்ஸ் என்றாலே நம் ஊரில் பெண் சம்பந்தப்பட்ட விஷயம் என்று மனதில் பதிந்துவிட்டது. ஒரே ஊசியை நான்கு பேர் சுற்றிவிடுவது அதைவிட நேரான வழி, ஊசிக்குள் தங்குகிற கண்ணுக்குத் தெரியாத துளி ரத்தம் போதும். தண்ணீரில் அலசினால் போகாது. மஞ்சள் காமாலை சி வைரஸ் இன்னும் வேகமாகப் பரவும். மாத்திரையோ விழுங்குவதற்குச் செய்தது, அதில் மருந்தோடு மாவுப்பொருளும் இருக்கும், ரத்தக் குழாயில் போய் அடைத்துச் சீழ் பிடித்துக் கையை எடுக்கிற நிலைக்கும் கொண்டுபோகும். அவனிடம் பேசும்போது எய்ட்ஸை விட்டுவிட்டுக் கையிலிருந்தே ஆரம்பியுங்கள். பத்து வருடம் கழித்து வரப்போகிற நோய்க்கு 17 வயதில் யாரும் பயப்படுவதில்லை, வீங்கின கைக்குப் பயப்படுவார்கள்.

14446 போதைமீட்பு உதவி எண். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் போதைமீட்புச் சிகிச்சை உண்டு. ‘மெண்டல் ஆஸ்பத்திரியா’ என்று தயங்காதீர்கள், நேராகப் போங்கள். ரத்தப் பரிசோதனையையும் அங்கேயே கேளுங்கள். 18 ஆகவில்லை என்பதால் அவனுக்கு எச்.ஐ.வி. சோதனை எடுக்கப் பெரியவர் சம்மதம் கேட்பார்கள், அம்மாவை அழைத்துப் போங்கள்.

மகள் வகுப்பில் ஒரு குழந்தைக்கு எச்.ஐ.வி. என்று பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஓடுகிறது. பள்ளியில் போய்க் கேட்கலாமா?
*வேளச்சேரி வாசகி*

கூடாது. பள்ளிக்கே தெரிந்திருந்தாலும் சொல்லக் கூடாது. 2017-ல் எச்.ஐ.வி. சட்டம் போட்டார்கள், 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்தது, நம்பிச் சொன்ன ஒருவருடைய நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது, பள்ளியில் சேர்க்காமல் ஒதுக்கவும் கூடாது என்கிறது அது, வெறுப்பைப் பரப்பினால் சிறைத் தண்டனை வரை உண்டு. இதைக் குழுவில் போடுங்கள். உங்கள் மகள் அந்தக் குழந்தையின் டிபன் பாக்ஸிலிருந்து தாராளமாகச் சாப்பிடலாம், ஆபத்து அந்தக் குழந்தைக்குத்தான், அதுவும் உங்கள் குழுவால்தான்.

இந்தியாவில் முதன்முதலில் எய்ட்ஸைக் கண்டுபிடித்தது சென்னையில்தான் என்று பேரனிடம் சொன்னேன், நம்பமாட்டேன் என்கிறான். சரிதானே?
*ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர், மயிலாப்பூர்*

சரிதான் ஐயா. 1986. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன், அவரிடம் மேற்படிப்பு படித்த டாக்டர் நிர்மலா. ஆய்வுக் கட்டுரைக்கு இதை எடுத்துக்கொள் என்று ஆசிரியை சொன்னபோது மாணவிக்கு விருப்பமே இல்லையாம், கணவர்தான் ஊக்கப்படுத்தி, ஸ்கூட்டரில் கொண்டுபோய்விட்டிருக்கிறார். பிடிபட்டுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிகளிடம் ரத்தம் எடுத்து, வைக்க இடமில்லாமல் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்து, ஐஸ் பெட்டியில் போட்டு ரயிலில் வேலூர் சி.எம்.சி.க்கு எடுத்துப்போனார்கள், அன்றைக்கு இங்கே சோதிக்க வசதியில்லை. எண்பது சொச்சம் மாதிரிகளில் ஆறு மஞ்சளாக மாறின, அதாவது தொற்று இருந்தது. பேரனிடம் அந்த ஃபிரிட்ஜைச் சொல்லுங்கள், நம்புவான்.

எனக்கு ஒரு வருத்தம் மட்டும் உண்டு. முதல் ஆறு பேர் அந்தப் பெண்களாக இருந்ததால், அது ‘அவர்கள்’ நோய் என்று அன்றைக்கே ஊர் முடிவுகட்டிவிட்டது. அவர்களுக்கு அதைக் கொடுத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை.

அந்தக் காலத்தில் பஸ்ஸிலும் சுவரிலும் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று போட்டிருந்தார்களே. கடைசியில் வந்ததா இல்லையா?
*தாம்பரம் வாசகர்*

இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் ஞாபகம் இருக்கிறதே! தமிழ்நாட்டில் எய்ட்ஸ் விழிப்புணர்வில் அதைப் போல் ஒட்டிக்கொண்ட வாசகம் வேறு இல்லை. யாருக்கும் வரலாம் என்று சொல்லத்தான் அப்படிக் கேட்டார்கள். நம் பையன்கள் அதை எடுத்துத் தெருவில் போகிறவனை எல்லாம் ‘என்னடா புள்ளிராஜா’ என்று கூப்பிட்டு, மறுபடியும் அதை இன்னொருவனுடைய வியாதியாக ஆக்கிவிட்டார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவர் வந்தார், நாற்பது வயது இருக்கும், லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார். பதிவேட்டில் எழுதப் பெயர் கேட்டேன். ‘புள்ளிராஜா’ என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கையில் இருந்த டோக்கன் சீட்டு நடுங்கிக்கொண்டிருந்தது. நானும் சிரித்துவிட்டு நிஜப் பெயரை வாங்கி எழுதினேன். மூன்று மாதம் கழித்துத் திரும்பவும் சொன்ன தேதிக்குச் சரியாக வந்து ரத்தம் கொடுத்தார்.

அவருக்கு வரவில்லை.